மீசைக்கு ஏலம், ஆய்வுக்குப் பணம்

ஒரு பிள்ளையின் அறுவை சிகிச்சைக்கு என்று கேட்டால் பணம் சேர்ந்துவிடுகிறது. படம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, மருத்துவமனை குறித்துக் கொடுத்த தேதி இருக்கிறது. அதே நோயைப் பற்றிய ஆய்வுக்கு என்று கேட்டுப் பாருங்கள். "நல்ல விஷயம்தான், பார்ப்போம்" என்பார்கள். ஆய்வுக்கு முகமும் இல்லை, கெடுவும் இல்லை. பத்து ஆண்டு கழித்து ஏதாவது வரலாம், வராமலும் போகலாம்.

இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்கத்தான் விளையாட்டு. யார் கொடுக்க வேண்டும், எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும் என்பதை விளையாட்டின் விதியே சொல்லிவிடுகிறது. சிரிப்பு கூடுதல் லாபம். இங்கே சிங்கப்பூரில் சமூக மன்றங்களிலும் கோயில் மண்டபங்களிலும் நம்மவர்கள் நடத்தும் நிதி திரட்டுகளில் சிரிப்புக்குக் குறைச்சல் இருப்பதில்லை. விதிதான் இருப்பதில்லை.

2014இல் உலகமே தலையில் ஐஸ் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏஎல்எஸ் எனப்படும் இயக்க நரம்பணு நோய்க்காக நடந்தது. அந்த நோய் வந்திருந்த பீட் ஃபிரேட்ஸ், பேட் குயின் என்ற இரண்டு இளைஞர்கள் அதைப் பரப்பினார்கள். அமெரிக்க ஏஎல்எஸ் சங்கத்துக்கு மட்டும் 115 மில்லியன் டாலர் வந்தது, அதில் 77 மில்லியன் ஆய்வுக்குப் போனது. பின்னால் இதைப் பார்த்துச் செய்தவர்களில் பெரும்பாலோர் வாளியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வேலை செய்தது வாளி அல்ல. மூன்று பேரைப் பெயர் சொல்லி அழைத்ததும், 24 மணி நேரம் என்று கெடு வைத்ததும்தான். "எல்லாரும் கொடுங்கள்" என்றால் யாரையும் கேட்கவில்லை என்று பொருள். "தாமோதரன் அண்ணே, நாளைக்கு ராத்திரி எட்டு மணிக்குள்ள" என்றால் அண்ணன் தப்பிக்க வழியில்லை.

அந்த விதியில் ஒரு குறையும் இருந்தது. தண்ணீரைக் கொட்டு, இல்லையென்றால் 100 டாலர் கொடு என்பதுதான் பரவலாகச் சொல்லப்பட்டது. அதாவது குளித்தவன் காசு கொடுக்க வேண்டியதில்லை! பலர் இரண்டையும் செய்தார்கள் என்பதால் பணம் வந்தது. சின்ன அளவில் நடத்தும்போது அந்த அதிர்ஷ்டத்தை நம்ப முடியாது. விளையாடி முடித்துவிட்டுப் பணம் கட்டச் சொன்னால் பாதிப் பேர் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விடுவார்கள். ஆகவே பணம் கட்டுவதே ஆட்டத்தின் நகர்த்தலாக இருக்க வேண்டும். கட்டினால்தான் காய் நகரும்.

சின்னத் தொகை என்று தயங்குபவர்களுக்குப் பழைய கணக்கு ஒன்று. 1938இல் எடி கேன்டர் என்ற நகைச்சுவைக் கலைஞர், போலியோவுக்காக ஆளுக்குப் பத்துக் காசு நாணயம் ஒன்றை வெள்ளை மாளிகைக்கு அஞ்சலில் அனுப்பச் சொன்னார். 26,80,000 நாணயங்கள் வந்து குவிந்தன. அந்தப் பணம் போய்ச் சேர்ந்த போலியோ அமைப்பு பிறகு ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. 1955இல் தடுப்பூசி வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூருக்கும் இதில் ஒரு கிளைக்கதை உண்டு. 1958இல் இங்கே போலியோ பரவியபோது, சேபின் என்ற அறிவியலாளர் உருவாக்கிய வாய்வழிச் சொட்டு மருந்தை ஏறத்தாழ 2 லட்சம் பிள்ளைகளுக்குக் கொடுத்த முயற்சியில் முன்னின்றவர்களில் ஒருவர் நுண்ணுயிரியல் பேராசிரியர் லிம் கொக் ஆன். சிங்கப்பூர்ச் சதுரங்கத்தின் தந்தை என்று சொல்லப்படுபவரும் இதே லிம் கொக் ஆன்தான்.

இனி மீசைக்கு வருவோம். நவம்பரில் மீசை வளர்த்து ஆண்களின் உடல்நலத்துக்குப் பணம் திரட்டும் மொவெம்பர் 2003இல் மெல்பர்னில் 30 பேருடன் தொடங்கியது. நம்மவர்களிடம் அது அவ்வளவாக எடுபடாது. ஏற்கெனவே மீசை இருப்பவரிடம் மீசை வளர்க்கச் சொல்லி என்ன பயன்? நமக்குப் பொருந்துவது தலைகீழ் ஆட்டம்: முப்பது ஆண்டாக முகத்தில் இருக்கும் மீசையை எடுப்பதா, விடுவதா என்று ஏலம் விடுவது.

இதை நடத்தும் முறையை வீடியோ கேம் ஆட்டக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆசம் கேம்ஸ் டன் குயிக் என்ற ஜனவரி மாத நேரலை மாரத்தான், புற்றுநோய்த் தடுப்பு அறக்கட்டளை ஒன்றுக்காக ஒவ்வொரு முறையும் மில்லியன் கணக்கில் திரட்டுகிறது. அதில் சூப்பர் மெட்ராய்ட் ஆட்டத்தின் முடிவில் விலங்குகளைக் காப்பாற்றுவதா, விட்டுவிட்டு ஓடுவதா என்பதைப் பார்வையாளர்கள் பணத்தால் வாக்களித்து முடிவு செய்வார்கள். காப்பாற்று என்று 10 டாலர், விடு என்று 15 டாலர், மறுபடி காப்பாற்று என்று 50. இரண்டு பக்கப் பணமும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. தோற்கிற கட்சியும் கொடுத்த கட்சி என்பதுதான் இதன் சூட்சுமம்.

மீசை ஏலத்துக்கு முதலில் வேண்டியது சரியான மீசை. ஊர் அறிந்த ஆளாக இருக்க வேண்டும்: நற்பணிச் செயற்குழுத் தலைவர், தமிழாசிரியர், எல்லாத் திருமணத்திலும் மைக் பிடிக்கும் மாமா. எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வீட்டம்மாவிடமும் கேளுங்கள், பின்னால் தகராறு வேண்டாம். நேர்த்திக்கடன், சமய வழக்கம், சீருடைப் பணி என்று காரணம் உள்ளவர்களை வற்புறுத்தவே கூடாது.

எந்த அறநிறுவனத்துக்குத் திரட்டுகிறீர்களோ அவர்களின் ஒப்புதல் வந்த பிறகு, கிவிங்.எஸ்ஜி என்ற நன்கொடை இணையத்தளத்தில் அதே நிறுவனத்துக்கு இரண்டு தனித்தனிப் பக்கங்கள் திறக்க வேண்டும். ஒன்று 'மீசை இருக்கட்டும்', இன்னொன்று 'மீசை போகட்டும்'. இரண்டுக்கும் ஒரே இலக்குத் தொகை. ஏன் இரண்டு பக்கம் என்றால், ஒவ்வொன்றும் தன் மொத்தத்தைத் தானே காட்டும். பேநவ் என்ற கைப்பேசிப் பணமாற்றில் நேராக அறநிறுவனக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் எந்தக் காசு எந்தக் கட்சிக்கு என்று அன்றிரவு உங்களால் பார்க்க முடியாது. அவர்களின் கணக்குப் பிரிவு திங்கட்கிழமைதான் சொல்லும். உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணுக்கு வாங்கிச் சேர்த்து அனுப்புவது அதைவிட மோசம். நம்பிக்கைப் பிரச்சினை ஒரு பக்கம். கொடுத்தவர்களுக்கு வரிக் கழிவு கிடைக்காமல் போவது இன்னொரு பக்கம்.

பத்து நாள் திறந்து வையுங்கள். கடைசி ஒரு மணி நேரம் நிகழ்ச்சியில் நடக்கட்டும். மண்டபத்தில் ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர், மேசைக்கு மேசை இரண்டு கியூஆர் அட்டைகள். அட்டைகள் இரண்டு நிறத்தில் இருக்கட்டும்; ஒரே நிறத்தில் அச்சடித்தால் மீசையைக் காக்க நினைத்தவர் எடுக்கப் பணம் கட்டிவிட்டு வந்து சண்டை போடுவார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைப் புதுப்பித்துக் காட்டுங்கள். கடைசி இருபது நிமிடம் திரையை மூடிவிடுங்கள். இடைவெளி 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று கண்ணுக்குத் தெரிந்தால் பின்தங்கிய கட்சி கையை விரித்துவிடும். தெரியாவிட்டால் இரண்டு பக்கமும் கொட்டும்.

இந்த ஆட்டம் பெரும்பாலும் கெடுவது தொடக்கத்தில். முதல் நாளே ஒரு முதலாளி 1,000 வெள்ளியை ஒரு பக்கம் போட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது, மிச்ச ஒன்பது நாளும் ஈயாடும். பெரிய கைகளைத் தனியே கூப்பிட்டு, கடைசி ஒரு மணி நேரம் வரை பொறுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒருவர் 50 வெள்ளிக்கு மேல் போடக் கூடாது என்று அறிவித்துவிட்டாலும் சரி. ஏலம் எட்டரை மணிக்கு முடிகிறது என்றால், முடிவு நேரத்திலும் தகராறு வரும்: "நான் எட்டரைக்கு முன்னாடியே அமுக்கிட்டேன், சுத்திக்கிட்டே இருந்துச்சு!" எட்டரை மணிக்கு இரண்டு பக்கங்களையும் திரையில் திறந்து, தெரியும் எண்ணே முடிவு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வித்தியாசம் 50 வெள்ளிக்குள் என்றால் பாதி மீசை மட்டும் எடுக்கப்படும் என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள். நெருங்கி வரும்போது இரண்டு கட்சியும் அந்தப் பாதிக்காகவே காசு போடும். சவரத்துக்குத் தொழில்முறை முடிதிருத்துபவர், உறை பிரிக்காத புது பிளேடு, முதலில் மெஷின் பிறகு கத்தி. மேடையில் நண்பர்கள் கையில் கத்தி கொடுக்கும் கூத்து வேண்டவே வேண்டாம்.

மீசை இல்லாத குழுவுக்குப் பட்டிமன்றம் இருக்கிறது. பேச்சாளருக்கு ஒரு நிமிடம் கூடுதலாகத் தர 20 வெள்ளி, நடுவரின் மணியை அடித்து உட்காரவைக்க 30 வெள்ளி, ஒருவருக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் விற்பனை இல்லை. மணிக்குத்தான் கிராக்கி இருக்கும்.

பிள்ளைகளும் பாட்டிகளும் சேர்ந்து விளையாட நாணயக் கோலம் நல்லது. சிக்குக் கோலத்தின் கோட்டை நாணயங்களால் நிரப்புவது. ஒரு நாணயம் வைக்க 5 வெள்ளி. இங்கே யாரிடமும் சில்லறை இருக்காது என்பதால் நாணயத்தை நாமே வைத்திருந்து, கியூஆரில் 5 வெள்ளி கட்டியவரிடம் ஒன்றைக் கொடுக்கிறோம். நாணயம் காய், அவ்வளவுதான்.

எந்த நாணயம்? 2013இல் வந்த மூன்றாம் வரிசையில் ஒரு வெள்ளி நாணயம் 24.65 மி.மீ. அகலம், 7.62 கிராம். 20 காசு 21 மி.மீ., 3.85 கிராம். 10 காசு 18.5 மி.மீ.; சின்ன விரலுக்குக்கூட வழுக்கும். 20 காசு சரியான அளவு, முதலீடும் குறைவு.

எத்தனைப் புள்ளி? கோலம் போடுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான்: எல்லா இடத்திலும் கோடு குறுக்கே வெட்டிப் போகும் நேர்ப்புள்ளிக் கோலத்தில், 5க்கு 5 வைத்தால் ஐந்து தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்துவிடும். 5க்கு 6 வைத்தால் ஒரே கோடு, தொடங்கிய இடத்தில் வந்து முடியும். ஆட்டத்துக்கு ஒரே கோடுதான் வேண்டும். எல்லாரும் ஒரு முனையை நோக்கி நகர்வார்கள், கடைசி நாணயத்தைத் தனியே ஏலம் விடலாம். 15 செ.மீ. இடைவெளியில் 30 புள்ளி என்றால் கோட்டின் நீளம் சுமார் 13 மீட்டர் வரும். 20 காசு நாணயத்தில் 619. ஆனால் கோடு 49 இடத்தில் தன்னையே வெட்டுகிறது, வெட்டும் இடத்தில் ஒரு நாணயமே இரண்டுக்கும் போதும். கழித்தால் 570. கையில் வேண்டிய முதலீடு 114 வெள்ளி, எடை இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம். நிரம்பினால் 2,850 வெள்ளி. ஒரு புள்ளியைச் சுற்ற ஏறக்குறைய 19 நாணயம். 95 வெள்ளிக்கு ஒரு குடும்பம் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளலாம் என்று விற்றால் வேகமாகப் போகும்.

பலகைக்கு 5 மி.மீ. தடிப்புள்ள ஃபோம் போர்டு, ஏ-0 அளவில் இரண்டு. ஒன்று அடித்தளம். இன்னொன்றில் கோலத்தை வரைந்து, கோட்டை 23 மி.மீ. அகலக் கால்வாயாக வெட்டி எடுத்து, மேலே ஒட்ட வேண்டும். வெட்டியதும் புள்ளி இருக்கும் துண்டுகளெல்லாம் தனித்தனித் தீவாகக் கழன்று வரும். வெட்டுமுன் ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதி, அடித்தளத்திலும் அதே கோலத்தை வரைந்து வைத்துக்கொள்ளாவிட்டால் அதைச் சேர்க்கவே ஒரு மாலை போய்விடும். நாணயத்தைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். நாணயத்தைச் சேதப்படுத்துவது இங்கே குற்றம், கால்வாயே பிடித்துக்கொள்ளும். தரையில் வைத்தால் தவழும் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும், மேசை மேல் வையுங்கள். நாணயங்களை வங்கியில் முன்கூட்டிச் சொல்லி வாங்குங்கள். மொத்தச் சில்லறைக்கு வங்கிகள் கட்டணம் வாங்குகின்றன, திருப்பிக் கட்டும்போதும் தான். ஆகவே அதே பெட்டியை அடுத்த சமூக மன்றத்துக்குக் கடன் கொடுத்துவிடுவது மலிவு.

எந்த ஆட்டமானாலும் நோயை நடித்துக் காட்டும் வேடிக்கை வேண்டாம். நடுங்கும் கையால் தேநீர் எடுக்கும் போட்டி, பேச்சு குழறும் போட்டி எல்லாம் சிலர் யோசனையில் வரும். கூட்டத்தில் பார்க்கின்சன் நோயாளியின் மகள் உட்கார்ந்திருப்பார். சிரிப்பு மீசை மேல் இருக்கட்டும். நோயின் பெயரைப் பதாகையில் பெரிதாக எழுதுங்கள். "நல்ல காரியத்துக்காக" என்று பூசி மெழுகினால் ஆய்வுக்கு என்பதே யாருக்கும் தெரியாது.

சட்டப் பக்கம் அலுப்பானது, ஆனால் தாண்ட முடியாது. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலோ சாலையோரத்திலோ வீடு வீடாகவோ பொதுமக்களிடம் வசூலிக்க உரிமம் வேண்டும். கோபிசினஸ் என்ற அரசாங்க இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கீழ்த்தளத்துக்கு நகர மன்றத்தின் அனுமதி தனி. வெளிநாட்டு ஆய்வுக்கு, அந்த அமெரிக்க ஏஎல்எஸ் சங்கத்துக்கே அனுப்பலாமே என்று தோன்றினால், அதற்கு அறநிறுவன ஆணையரின் அனுமதி தேவை, பொதுவாக 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே செலவாக வேண்டும் என்ற விதியும் உண்டு. உள்ளூர் ஆய்வுக்குக் கொடுப்பது எளிது. சீட்டு விற்றுக் குலுக்கிப் பரிசு கொடுப்பது வேறு வகை: 2022ஆம் ஆண்டு சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வருகிறது, சீட்டு அச்சடிக்கும் முன் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளைப் பார்த்தாக வேண்டும். மீசை ஏலத்தில் யாரும் பணமோ பொருளோ வெல்வதில்லை. அதனாலும் எனக்கு அது பிடிக்கும்.

செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அறநிறுவனங்களுக்கான விதி. சமூக நிகழ்ச்சிக்கு அது மிகத் தாராளம்; 10 விழுக்காட்டைத் தாண்டினால் எங்கோ டீ-சட்டை அச்சடிக்கிறீர்கள் என்று பொருள். அறுபது பேருக்கு 12 வெள்ளிச் சட்டை என்றால் 720 வெள்ளி. கோலத்தின் கால் பங்கு!

வரிக் கழிவைச் சொல்லி விற்கலாம், ஆனால் சரியாகச் சொல்ல வேண்டும். ஐபிசி என்ற அங்கீகாரத் தகுதி உள்ள அமைப்புக்குக் கொடுக்கும் தகுதியான நன்கொடைக்கு 250 விழுக்காடு கழிவு. 2023 பட்ஜெட்டில் அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். 100 வெள்ளி கொடுத்தால் 250 வெள்ளி வருமானத்திலிருந்து கழியும், வரியிலிருந்து அல்ல. 7 விழுக்காட்டு வருமான வரிப் படியில் இருப்பவருக்கு மிச்சம் 17.50 வெள்ளி, 11.5 விழுக்காட்டில் இருப்பவருக்கு 28.75. ரசீதைக் காட்டிக் கேட்கும் காலம் 2011லேயே போய்விட்டது. அடையாள எண்ணைக் கொடுத்தால் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் கணக்கில் தானாகச் சேரும். அந்த எண்ணை ஊரார் பார்க்கும் தாளில் எழுதி வாங்காதீர்கள், தளத்திலேயே உள்ளிடட்டும். விருந்துச் சீட்டு மாதிரி ஏதாவது பெற்றுக்கொண்டு கொடுத்த பணத்துக்குக் கழிவு உண்டா என்பதை அந்த அமைப்பிடம் முன்பே எழுதிக் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் தவறுவது பணம் போகும் பெட்டியில். புற்றுநோய் என்று பெயர் இருப்பதாலேயே பணம் ஆய்வுக்குப் போகாது. சிறார் புற்றுநோய் அறநிறுவனம் 2003 முதல் நடத்தும் தலை மழிக்கும் நிகழ்ச்சி நம் எல்லாருக்கும் தெரியும். அவர்களின் முதன்மைப் பணி பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் ஆதரவு. 2019இல் அமைத்த அரிய நோய் நிதிக்கு மக்கள் கொடுக்கும் ஒரு வெள்ளிக்கு அரசு மூன்று வெள்ளி சேர்க்கிறது, ஆனால் அது சிகிச்சைக்கான நிதி. இரண்டும் கொடுக்கத் தக்கவைதான். ஆய்வுக்கு என்று சொல்லித் திரட்டிவிட்டு அங்கே கட்டினால்தான் தவறு. தேசியப் புற்றுநோய் நிலையம், தேசிய நரம்பியல் கழகம் போன்ற இடங்களின் நன்கொடைப் பிரிவுக்கு முதலில் மின்னஞ்சல் போடுங்கள். ஆய்வுக்கு மட்டும் என்று ஒதுக்க முடியுமா, அதற்குக் குறைந்தபட்சத் தொகை உண்டா, ஓராண்டு கழித்து எதற்குச் செலவானது என்று ஒரு பத்தி எழுதித் தருவார்களா? ஒதுக்கீடு வேண்டுமானால் அதைப் பணம் வருமுன் எழுத்தில் வாங்க வேண்டும். பொது நிதியில் விழுந்த பிறகு பிரிப்பது அவர்களுக்கும் தலைவலி.

3,000 வெள்ளியில் மருந்து பிறக்காது. ஒரு சில பேரின் மரபணுத் தொகுதியை முழுமையாக வாசிக்கலாம், சோதனைக்கூட வேதிப்பொருள் வாங்கலாம். ஐஸ் வாளிப் பணத்தில் ஒரு பங்கு அப்படித்தான் ப்ராஜெக்ட் மைன் என்ற மரபணு வாசிப்புக்குப் போய், 2016இல் நெக்1 என்ற மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு தெரிய வந்தது. இன்னொரு பங்கு ஏஎம்எக்ஸ்0035 என்ற மருந்தின் சோதனைக்குப் போனது. 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, 2024இல் பெரிய சோதனையில் பலன் இல்லை என்று தெரிந்து உற்பத்தியாளரே சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

கொடுத்தவர்களுக்கு இரண்டு முறை எழுதுங்கள். ஒரு வாரத்துக்குள் முதல் கடிதம்: வந்த தொகை, செலவு, போய்ச் சேர்ந்த தொகை, எந்தப் பெட்டிக்கு. ஓராண்டு கழித்து இரண்டாவது: அவர்கள் எழுதித் தந்த அந்தப் பத்தி, அதில் "எதிர்பார்த்தது கிடைக்கவில்லை" என்று இருந்தாலும் அப்படியே. மீசை வளர்ந்த படத்தையும் சேர்த்து அனுப்பினால் அடுத்த ஏலத்துக்கு அதுவே அழைப்பிதழ்.